அட்டை கோர்க்கிற கயிறும் என் கத்தி உறையும்

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை, மலைப்பாதையில் நூறு அடிக்கு ஒரு தரம் என் வலது கை தானாக இடுப்புக்குப் போகும். கத்தி உறை இருக்கிறதா, பெல்ட் கிளிப் இருக்கிறதா, கிளிப்பைப் பிடித்திருக்கிற இரண்டு ஸ்க்ரூவும் இருக்கின்றனவா என்று விரல் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும். இப்போது போவதில்லை. போன மாசம் ஜவ்வாது மலையில் காலை ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்து, மத்தியானம் ஒரு சாமைக் கொல்லை ஓரம் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அத்தனை நேரமும் உறையை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் ஆரணிக்காரன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரம் போனால் படவேடு, சந்தவாசல், அதைத் தாண்டி ஜவ்வாது மலைத்தொடர். போளூர் போய் மலைப்பாதையில் ஏறினால் ஜமுனாமரத்தூர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்னை வீட்டில் பார்க்க முடியாது. கூட வருவது மூன்று சிநேகிதர்கள், ஒரு தண்ணீர்க் கேன், புளிசாதம், என் கத்தி.

கத்தி என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். நாலு அங்குல அலகு, அவ்வளவுதான். வெங்காயம் நறுக்க, எலுமிச்சை அறுக்க, மலைக் கிராமத்தில் வாங்கிய பலாப்பழத்தைப் பிளந்து சுளை எடுக்க, கயிறு அறுக்க, செருப்பு வார் அறுந்தால் ஒரு துளை போட. ஜவ்வாதில் பலா அறுத்துச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், நல்ல கத்தி கையில் இல்லாமல் அந்தப் பழத்திடம் போகக் கூடாது. நகரத்தில் இருக்கும்போது அது சமையலறைச் சாமான். மலையில் அது கூட வருகிற ஓர் ஆள்.

உறை தோல். ஆம்பூர் பக்கத்துத் தோல். எங்கள் வட்டாரத்தைச் சுற்றி ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எல்லாம் தோல் ஊர்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோலை எடுத்து முகர்ந்தால் ஒரு வாசனை வரும், பழைய புத்தகமும் மழை பெய்த மண்ணும் சேர்ந்த மாதிரி. என் உறையில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. தோலில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்க அதில் இருந்த இரும்பிலும் பித்தளையிலும்தான்.

அந்த ஸ்க்ரூவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கல்யாண ஆல்பத்தின் முதுகில் தாள்களைச் சேர்த்துப் பிடித்திருக்குமே, ஒரு பக்கம் குழாய் மாதிரி பெண் திருகு, மறுபக்கம் அதற்குள் ஏறுகிற ஆண் திருகு, இரண்டுக்கும் தட்டையான தலை, அதுதான். பைண்டிங் ஸ்க்ரூ என்று நம் ஊர் ஆல்பக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். வெளிநாட்டில் இதற்குச் சிகாகோ ஸ்க்ரூ என்று பெயர். கத்தி உறை செய்கிறவர்கள் பலரும் இதைத்தான் போடுகிறார்கள். கிளிப்பைக் கழற்றி மாட்டலாம், வலது கைக்காரர் இடது கைக்காரர் என்று மாற்றிக்கொள்ளலாம், பார்க்கவும் அழகு. ஆல்பத்தில் அது நாற்பது வருஷம் அசையாமல் கிடக்கும். ஏனென்றால் ஆல்பம் நடப்பதில்லை.

நடக்கிற மனிதனின் இடுப்பு வேறு மாதிரி. ஓர் எட்டுக்கு முக்கால் மீட்டர் என்று வைத்தால் பத்து கிலோமீட்டருக்கு 13,000 அடிக்கு மேல் வருகிறது. ஒவ்வோர் அடிக்கும் உறை ஒரு தடவை பக்கவாட்டில் ஆடுகிறது. திருகைப் பிடித்து வைத்திருப்பது மரைகளுக்கு நடுவிலும் தலைக்கு அடியிலும் இருக்கிற உராய்வுதான். தலைக்கும் தலைக்கும் நடுவில் இறுக்கம் இருக்கிற வரைக்கும் அந்த உராய்வு இருக்கும். தோல் மெத்தென்று அமுங்கக்கூடியது. வேர்வையில் ஊறும், வெயிலில் சுருங்கும், நாளாக நாளாகக் கொஞ்சம் மெலியும். மெலிந்த அளவுக்கு இறுக்கம் போய்விடும். பக்கவாட்டு அதிர்வுதான் திருகுகளுக்கு முதல் எதிரி என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969-லேயே சோதித்துக் காட்டிவிட்டார். இழுத்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கழலாத போல்ட், குறுக்கே ஆட்டினால் யாரும் தொடாமலே தன்னைத்தானே திருகிக்கொண்டு வெளியே வந்துவிடும். என் இடுப்பில் நடந்ததும் அதேதான்.

நடந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். மழை விட்ட ஐப்பசி. கீழ்நோக்கி இறங்குகிற ஒற்றையடிப்பாதை, வழுக்குப் பாறை. எனக்கு முன்னால் சிநேகிதன், அவனுக்கு முன்னால் வழி காட்டுகிற மலையாளிப் பெரியவர். (ஜவ்வாதின் மலைவாழ் மக்களை மலையாளி என்றுதான் சொல்வார்கள், கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆளுகிறவர்கள்.) ஒரு பாறையிலிருந்து குதித்து இறங்கினேன். இடுப்பில் ஏதோ சுழன்ற மாதிரி இருந்தது. மேல் ஸ்க்ரூ எங்கேயோ விழுந்திருக்கிறது. உறை ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கித் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. கத்தி நழுவி, பாறையில் 'ணங்'கென்று பட்டு, முன்னால் போனவனின் குதிகாலுக்கு ஒரு ஜாண் தள்ளிக் குத்தி நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர்தான் குனிந்து கத்தியைப் பிடுங்கி, துண்டால் துடைத்து, கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"கவுறு இல்லியா சாமி?" என்று கேட்டார்.

அன்றைக்கு அந்தக் கேள்வியின் ஆழம் எனக்குப் புரியவில்லை. ஸ்க்ரூவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் முதலில் செய்தது எல்லா மெக்கானிக்கும் செய்வது: திருகில் நெயில் பாலிஷ் தடவி முறுக்கினேன். நல்ல வைத்தியம், நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று நடைக்குத் தாங்கியது. அடுத்து, திருகுக்குப் போடுகிற நீல நிறப் பசை. இந்தப் பசையின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1953-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து ட்ரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னான் க்ரீபில் கண்டுபிடித்தது. லாக்டைட் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. காற்று பட்டால் அது திரவமாகவே இருக்கும். காற்று போகாத இடத்தில் உலோகம் பட்டால் இறுகும். திருகின் மரைக்குள் காற்று ஏது? அதனால்தான் அதன் பாட்டிலை எப்போதும் பாதிதான் நிரப்புவார்கள், மீதி இடத்தில் இருக்கிற காற்று அதைக் கெட்டியாகாமல் பார்த்துக்கொள்ளும். முதல் தடவை பாட்டிலைப் பார்த்தபோது கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். விஷயம் தெரிந்ததும் அந்தப் பேராசிரியரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நீலம் நடுத்தரப் பிடி, கை ஸ்க்ரூ டிரைவரால் திரும்பக் கழற்றலாம். சிவப்பு போட்டால் சூடு காட்டாமல் கழலாது. உறைக்கு அது வேண்டவே வேண்டாம். பித்தளைத் திருகில் பசை சீக்கிரம் பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மெதுவாகத்தான் பிடிக்கும், ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒரே ஒரு சொட்டு. பிளாஸ்டிக் உறை வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை, சிலவகை பிளாஸ்டிக்கில் இந்தத் திரவம் வழிந்தால் மயிரிழை மாதிரி விரிசல் விடும். தோலுக்கு அந்தக் கவலை இல்லை.

பசையும் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் என் கை நூறு அடிக்கு ஒரு தரம் இடுப்புக்குப் போவது நிற்கவில்லை. ஒரு தடவை ஏமாந்த கை, நம்ப மறுக்கிறது. தோல் மெலிந்து தலைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், பசை ஸ்க்ரூவைக் கழலவிடாது, சரி. ஆனால் கிளிப் கடகடவென்று ஆடும். ஆட ஆடத் தோலில் இருக்கிற துளை பெரிதாகும். அதற்குப் பசையில் மருந்து இல்லை.

இங்கேதான் பெரியப்பா வருகிறார். ஐம்பது வருஷம் பட்டு நெய்த கை. ஒரு சாயங்காலம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தவரிடம் உறையைக் காட்டிப் புலம்பினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா, இந்தத் தறியில எத்தனை ஸ்க்ரூ இருக்குதுன்னு எண்ணேன்."

எண்ணினேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற தறி அது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். மேலே ஜக்கார்டு பெட்டியில் சில ஆணிகளும் போல்ட்டுகளும் உண்டு. மற்றதெல்லாம்? கயிறு. மிதிக்கட்டையிலிருந்து விழுதுக்குப் போவது கயிறு. பலகை தொங்குவது கயிற்றில். நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரட்டுவது கயிறு. எங்கே ஆட்டம் வருகிறதோ அங்கே ஆப்பு, எங்கே அசைவு வருகிறதோ அங்கே முடிச்சு. தறி முழுக்கவே கட்டிப் போட்ட சாமான்.

"அட்டையப் பாரு" என்றார்.

ஜக்கார்டு அட்டை தெரியாதவர்களுக்கு: சேலையின் கரையிலும் முந்தானையிலும் மயிலும் மாங்காயும் வருவதற்கு, எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும் எந்த இழை அடங்க வேண்டும் என்று துளைகளாக எழுதி வைத்த அட்டைகள். 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு ஒழுங்குபடுத்தித் தந்த ஏற்பாடு அது. பட்டு ஊரில் பிறந்து பட்டு ஊர்களுக்கெல்லாம் பரவி எங்கள் ஆரணிக்கும் வந்து சேர்ந்தது. ஒரு டிசைனுக்கு நூற்றுக்கணக்கில் அட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக மாலை மாதிரி கோர்த்துத் தொங்கும். குறுக்கிழையான ஊடை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை திரும்பும். அந்த மாலையைக் கோர்த்திருப்பது எது? வெறும் கயிறு. அட்டையின் ஓரத்துத் துளைகளில் மேலும் கீழுமாக ஏறி இறங்கி, இரண்டு கயிறும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகும். ரிவெட் இல்லை, கம்பி இல்லை, ஸ்க்ரூ இல்லை.

அங்குலத்துக்கு அறுபது ஊடை என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மீட்டர் சேலைக்கு 13,000 ஊடைக்குக் கிட்டே வருகிறது. ஊடையை நெருக்குகிற அச்சு அத்தனை தடவை வந்து அடிக்கிறது, தறி அத்தனை தடவை அதிர்கிறது. கணக்குப் போட்டு முடித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்து கிலோமீட்டர் நடந்தால் என் காலுக்கு 13,000 அடி. ஒரு சேலை நெய்தால் பெரியப்பாவின் தறிக்கும் 13,000 அடி. அடி என்ற ஒரே சொல்லைத்தான் இரண்டுக்கும் நாங்கள் சொல்கிறோம். என் ஸ்க்ரூ ஒரு சேலை நீளத்துக்குத் தாங்கவில்லை. அவர் தறியில் அட்டை கோர்த்த கயிறு சேலை சேலையாகத் தாங்கிக்கொண்டு தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கிறது.

"ஸ்க்ரூ முரட்டுத்தனமா நிக்கும், அசைச்சா விட்டுடும். கவுறு கூடவே அசையும், விடாது" என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. மலைப்பெரியவர் கேட்ட 'கவுறு இல்லியா' அப்போதுதான் வந்து சேர்ந்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தோம். நூல் எங்கே? பாவு முடிந்து சேலையை அறுக்கும்போது தறியில் கொஞ்சம் இழை மிச்சம் நிற்கும், நெய்ய முடியாத நீளம். பெரியம்மா அதையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருப்பார். அதில் அரக்கு நிறத்தில் ஒரு கற்றை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா இழைகளைச் சேர்த்துத் தொடையில் வைத்து உருட்டினார். மூன்று புரி. ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். அப்போதுதான் கயிறு தானாக அவிழாது. புரிகள் ஒன்றையொன்று அவிழவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவர் உள்ளங்கையில் அது ஓடி இறங்குவதைப் பார்க்க வேண்டுமே! பாம்பு மாதிரி நெளிந்து, பளபளவென்று, குண்டூசித் தலைக் கனத்தில் ஒரு பட்டுக் கயிறு.

அதற்குத் தேன்மெழுகு. மலையில் தேன் வாங்கியபோது கேட்டு வாங்கி வந்த அடைமெழுகு ஒரு கட்டி இருந்தது. கயிற்றை அதன் மேல் அழுத்தி நாலு தடவை இழுத்தேன், பிறகு பழந்துணியில் சுற்றி வேகமாக உருவினேன். உராய்கிற சூட்டில் மெழுகு உருகி உள்ளே இறங்கிவிடும். மெழுகு ஏறிய கயிறு முடிச்சில் வழுக்காது, தண்ணீரைச் சுலபத்தில் குடிக்காது. பட்டு நனைந்தால் அதன் பலம் கொஞ்சம் குறையும், நாள்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் குறையும். மறைக்க வேண்டிய விஷயமில்லை. அதற்காகத்தான் மெழுகு, அதற்காகத்தான் வருஷத்துக்கு ஒரு தடவை புதுக் கயிறு. பட்டு கிடைக்காத ஊர்க்காரர்கள் நைலான் நூலில் செய்யலாம், செருப்புத் தைக்கிறவரிடமே கிடைக்கும். நான் பட்டை விடமாட்டேன்.

பிறகு துளை. இதில் அவசரப்படக் கூடாது. பழைய ஸ்க்ரூ இருந்த துளையில் பித்தளை ஐலெட் அடித்திருந்தது. அதன் உள்விளிம்பில் விரலை வைத்தால் பிசிறு தெரிந்தது. கயிற்றுக்கு எமன் அதுதான். கூரான விளிம்பு ஒன்று இருந்தால் எவ்வளவு நல்ல கயிறும் அறுந்துவிடும். ஐலெட்டின் உட்புறத்தைத் தீக்குச்சிக் கனத்துக்குச் சுருட்டிய உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். பித்தளைக்கும் தோலுக்கும் நடுவே பச்சையாக ஒரு பாசி படிந்திருந்தது. தோலில் இருக்கிற கொழுப்பும் புளிப்பும் பித்தளையைத் தின்பதால் வருவது. அதையும் சுரண்டி எடுத்தேன். ஸ்க்ரூ இருந்த இடத்தில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு துளை, அரை அங்குல இடைவெளியில்.

கட்டினது அட்டை கோர்க்கிற மாதிரியேதான். கயிற்றின் இரண்டு முனையிலும் ஊசி. ஒன்று மேலிருந்து கீழே, மற்றது கீழிருந்து மேலே, ஒரே துளையில் எதிரும் புதிருமாக. மூன்று சுற்று. சுற்றியதும் இறுகிவிட்டது என்று நினைத்தேன். பெரியப்பா "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு, கிளிப்புக்கும் தோலுக்கும் நடுவே அந்த மூன்று சுற்றுக்கும் குறுக்கே கயிற்றை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தார். அவ்வளவுதான், எல்லாம் கல்லானது! பந்தல் கால் கட்டுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நேர்ச்சுற்று கட்டுகிறது, குறுக்குச் சுற்று இறுக்குகிறது. தோல் மெலிந்தாலும் பரவாயில்லை. இழுத்து விறைப்பேற்றிய பட்டுக்குக் கொஞ்சம் நீண்டு சுருங்குகிற குணம் உண்டு, தோலோடு சேர்ந்து அதுவும் நெருங்கிக்கொள்ளும். இந்த ஒரு குணத்துக்காகவே எந்த ஸ்க்ரூவையும் விட்டுவிடலாம்.

முடிச்சு, நெசவாளி இழை அறுந்தால் போடுகிற முடிச்சு. கப்பல்காரர்கள் பாயைக் கட்டுவதற்கு வேறு பெயரில் இதே முடிச்சைத்தான் போடுகிறார்களாம். கடலையே பார்க்காத பெரியப்பாவின் விரலுக்கு அது அரை நொடி வேலை. முடிச்சின் மேல் ஒரு சொட்டு மெழுகு உருக்கி விட்டு, உறையின் உட்பக்கம் மறைவாகத் தள்ளிவிட்டோம்.

சோதித்துப் பார்க்காமல் மலைக்கு எடுத்துப் போக எனக்குத் தைரியமில்லை. கிளிப்பைத் தறிக் கட்டையில் மாட்டி, உறையில் துணி சுற்றி, ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தொங்கவிட்டோம். தண்ணீரை ஊற்றினேன். பாதிக் குடம். முக்கால். முழுக் குடம். பதினைந்து கிலோ இருக்கும். ஆட்டினேன். சுற்றினேன். பெரியம்மா "போதும்டா, வீடெல்லாம் தண்ணி" என்று கத்துகிற வரைக்கும் ஆட்டினேன். கயிறு அசைந்தது, தோல் அசைந்தது, கிளிப் அசைந்தது. எதுவும் விடவில்லை. மறுநாள் காலை வரை குடம் அப்படியே தொங்கியது. நான் எழுந்ததும் முதலில் போய்ப் பார்த்தது அதைத்தான்.

முதல் நடை படவேட்டுக் கோட்டைமலை. ரேணுகாம்பாள் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினோம். மேலே வேணுகோபால சுவாமி கோயில், கீழே வாழையும் தென்னையும் போர்த்திய பள்ளத்தாக்கு, தூரத்தில் செண்பகத்தோப்பு அணை, அங்கிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் வந்துகொண்டிருக்கிற கமண்டல நதி. கல்லில் உரசியது, முள்ளில் மாட்டியது, இறங்கும்போது ஓடினேன், வேண்டுமென்றேதான் ஓடினேன். கீழே வந்து உறையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். அரக்குப் பட்டில் கொஞ்சம் புழுதி. ஊதினேன், பளபளத்தது. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம், இரண்டு கோடை. எத்தனை தடவை ஜவ்வாது என்று எண்ணவில்லை. கயிறு ஒரே ஒரு தடவை மாற்றினேன், அதுவும் அறுந்ததால் இல்லை, வருஷம் ஆனதால்.

இதில் மூழ்கிய பிறகு எங்கே பார்த்தாலும் எனக்குக் கயிறுதான் தெரிகிறது. 1991-ல் ஆல்ப்ஸ் மலையில் நடக்கப் போன ஒரு ஜெர்மானியத் தம்பதி பனிக்குள்ளிருந்து ஓர் உடலைக் கண்டார்களே, ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊட்சி என்கிற பனிமனிதன், அவனிடம் கல் அலகுக் கத்தி இருந்தது. அதற்கு மரநாரில் பின்னிய உறை இருந்தது. உறையை இடுப்பு வாரில் கட்ட ஒரு தோல் வார் இருந்தது. அந்தப் படத்தை நான் எத்தனை மணி நேரம் பார்த்திருப்பேன்! மலையில் நடந்து, மலையிலேயே செத்து, ஐயாயிரம் வருஷம் பனியில் கிடந்தவனோடு உறையும் கிடைத்தது. தெற்கே பனையேறிகள் இடுப்பில் தொங்கவிடுகிற அருவாப்பெட்டியைப் பாருங்கள். நாளெல்லாம் மரம் ஏறி மரம் இறங்குகிறவர்கள், உயரத்தில் அருவா நழுவினால் கீழே நிற்கிறவர் கதி என்ன? அவர்களும் கட்டித்தான் வைத்தார்கள். குடகு மலைக்காரர்கள் ஒடிக்கத்தியை உறையே இல்லாமல் முதுகுப்பக்கம் தொடங்கு என்கிற பித்தளைக் கொக்கியில் செருகிக்கொண்டு காட்டில் நடந்திருக்கிறார்கள். கொக்கி துணிப்பட்டையோடு இடுப்பில் கட்டியிருக்கும். கழல்வதற்கு அதில் திருகே கிடையாது.

என் உறையில் ஸ்க்ரூ ஒன்று இன்னும் இருக்கிறது. கத்தியைப் பிடித்து வைக்கிற மேல்வாரில் டிச் பட்டன், அதன் அடியில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்க்ரூ. அதைக் கயிறாக்க முடியாது. அதற்கு நீலப்பசை ஒரு சொட்டு, தலைக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் வாஷர். தோல் மெலிந்தால் ரப்பர் உப்பி இடத்தை நிரப்பும். அதற்கு மேல் ஒரு காரியம் செய்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் விடமாட்டேன். ஸ்க்ரூத் தலையில் ஆரம்பித்துத் தோல் வரைக்கும் நேராக ஒரு கோடு, சிவப்பு நெயில் பாலிஷில். ஸ்க்ரூ மயிரளவு திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, குனிந்து ஒரு பார்வை போதும். தொழிற்சாலைகளில் பெரிய பெரிய போல்ட்டுகளுக்கு இப்படிச் சாட்சிக்கோடு போடுகிறார்கள். என் உறைக்கு அது நெற்றித் திலகம் மாதிரி. என் மூன்று சிநேகிதர்களும் போட்டுக்கொண்டார்கள். டார்ச்சுக்கு, தண்ணீர்ப் பாட்டில் மாட்டிக்கு, ஒருவன் மூக்குக்கண்ணாடிக்குக்கூட.

கத்தி எடுத்துப் போகிறவர்கள் சட்டமும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ அது போன்ற உபயோகத்துக்கோ ஆனதாக இல்லாவிட்டால், 2016 ஆயுத விதிகளின் கணக்குக்குள் வந்துவிடும். என் நாலு அங்குலம் அந்தப் பக்கமே போகாது. ஆனாலும் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதில்லை, சோதனைச்சாவடியில் கேட்பதற்கு முன்பே கத்தி இருப்பதைச் சொல்லிவிடுவேன், வைத்துவிட்டுப் போ என்றால் வைத்துவிட்டுப் போவேன். பர்வதமலைக்குப் போகும்போது வீட்டிலேயே விட்டுவிடுகிறேன்; சங்கிலியையும் கடப்பாறையையும் இரண்டு கையாலும் பிடித்துச் சாமி பார்க்கப் போகிற மலை அது. பஸ்ஸில் போகும்போது பைக்குள்.

போன வாரம் அந்த மலையாளிப் பெரியவரை ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் பார்த்தேன். உறையை அவிழ்த்துக் காட்டினேன். கட்டின இடத்தைக் கட்டைவிரலால் நிமிண்டினார், குறுக்குச் சுற்றை நகத்தால் தூக்கப் பார்த்தார், முடிச்சைத் தேடினார். கிடைக்கவில்லை. உட்பக்கம் திருப்பிக் காட்டியதும் சிரித்தார்.

"பட்டா?"

"பட்டுதாங்க. எங்க ஊரு."

தன் இடுப்பிலிருந்த அருவாளை எடுத்தார். பிடி கழன்று, பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அருவாள் இப்போது எங்கள் வீட்டில், பெரியப்பாவின் தறிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. பெரியம்மா மஞ்சள் பையிலிருந்து இந்தத் தடவை பச்சை எடுத்து வைத்திருக்கிறார். முறுக்கு நேற்று முடிந்தது, மெழுகு இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்.